வண்டு விழுந்த குருணை

புதுவயல் மில்லில்
வண்டு விழுந்த குருணை கிலோ பத்து ரூபாய்.
கோழிக்கா என்றார் கணக்கர்.
பிள்ளைகளுக்கு என்றேன்.
நிமிர்ந்து பார்த்தவரிடம்
தின்ன இல்லை, தொட என்று சொல்லி
இன்னும் குழப்பிவிட்டு வந்தேன்.

மூன்று தரம் சலித்தேன்.
ஒரு பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் பரப்பினேன்.
பாதியை டிகாஷனில் பிரட்டினேன், அது மண்.
பாதியைக் கீரைச் சாற்றில், அது புல்.
மறுநாள் புல்லில் புளித்த வாடை.
கொட்டிவிட்டு மறுபடி செய்தேன்.
ஜவ்வரிசியை வேகவைத்து ஆறவிட்டேன்.
எறும்பு முட்டைகள்.
வாய்க்குள் போனாலும் வழுக்கிக்கொண்டு இறங்கட்டும்.
தேங்காய் நாரில் ஒரு கூடு.

பூச்சிகள் காரைக்குடியில் வாங்கியவை,
பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு.
அதில் ஒன்றுக்கு எட்டுக் கால்.
அது பூச்சி இனமே இல்லை என்றது
பயிற்சி வகுப்பில் படித்த மண்டை.
தமிழ் அதையும் பூச்சி என்றுதானே கூப்பிடுகிறது,
இருக்கட்டும் என்று விட்டேன்.
குளவிக்குக் கொடுக்கு கூராக இருந்தது,
நகவெட்டியால் மழுக்கினேன்.
குழவிக்கும் குளவிக்கும் நடுவே ஓர் எழுத்து.
அந்த எழுத்தை மழுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

உண்மையைச் சொன்னால்
கரப்பான் என்றால் எனக்கு உயிர் போகும்.
முந்தின நாள்வரை
ஆத்தங்குடிக் கல் பதிக்காத இந்தச் சிமெண்ட் தரையில்
மருந்துச் சாக்பீஸால்
சுவரோரம் சுவரோரமாகக் கோடு இழுத்தவள்.
இன்று அதை நாலு தரம் சோப்புப் போட்டு அழித்தேன்.
இரண்டு வயது நாக்கு
எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

பத்தரை மணி.
சாத்தப்பன் கையெல்லாம் வைக்கவில்லை,
நேராகப் போய் உட்கார்ந்துவிட்டான், தட்டுக்குள்.
சுலைஹா வெட்டுக்கிளியை மண்ணில் புதைத்து
"காணோம்" என்றாள்.
தோண்டி எடுத்து, கண்ணருகே பிடித்து,
"காணோம்" என்றாள்.
அவளிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்,
இருப்பதற்கும் அதுவே.
தர்ஷித் கரப்பானுக்கு ஜவ்வரிசி ஊட்டினான்.
ஆ, ஆ, சாப்புடு,
இல்லாட்டி பூச்சாண்டி வரும்.

உமையாள் மட்டும் பாயின் ஓரத்தில்.
சேர்ந்து ஏழு வாரம்.
யார் தொட்டாலும் கைகால் மடக்கி
விறைத்துப் போகிற பிள்ளை.
மாவு, மணல், நுரை,
எதற்கும் இதுவரை விரல் நீட்டவில்லை.
கூப்பிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு
தட்டை ஒரு சாண் அவள் பக்கம் நகர்த்தினேன்.
கொஞ்சம் குருணை சிந்தியது.
சிந்தியதில் ஒரு மணி
நடந்தது.

மூன்று சலிப்புக்கும் ஒரு பகல் வெயிலுக்கும் தப்பியது.
எள்ளில் பாதி. நீட்டு மூக்கு.
ஈரத்துணியோடு பதறி எழுந்தேன்.
அதற்குள் உமையாளின் விரல் பட்டுவிட்டது.
வண்டு
ஆறு காலையும் மடக்கிக்கொண்டு
செத்ததுபோல் கிடந்தது.

வேறு பிள்ளையென்றால் இன்னொரு குத்து குத்தியிருக்கும்.
உமையாள் கையை எடுத்துக்கொண்டாள்.
கன்னத்தைத் தரையில் வைத்துக்
குப்புறப் படுத்தாள்.
காத்திருந்தாள்.
மில்லில் சங்கு ஊதியது.
சாத்தப்பன் அழுதான், பிறகு மறந்தான்.
என் துணியிலிருந்து சொட்டிய நீர்
என் பாதத்திலேயே விழுந்தது.
இவ்வளவு நேரம்
நான் எந்தப் பிள்ளைக்காகவும் காத்திருந்ததில்லை.

முதலில் ஒரு கால்.
அப்புறம் மூக்கு.
அப்புறம் அது தன்பாட்டுக்குக் கிளம்பி
வழியில் கிடந்த அவள் விரல்மேல் ஏறி
அந்தப் பக்கம் இறங்கிப் போனது.
விரல் மடங்கவில்லை.

சாயங்காலம் அவள் அப்பா கேட்டார்,
இன்னைக்காவது எதையாச்சும் தொட்டாளா?
நோட்டில் நாலு கட்டங்கள் உண்டு:
சாப்பாடு, தூக்கம், வெளிக்கு, செயல்பாடு.
எதில் எழுதுவது என்று தெரியாமல்
"அரிசியில் வண்டு இருந்தது, மன்னிக்கவும்"
என்று எழுதிக் கொடுத்தேன்.

பெருக்கி அள்ளும்போது எண்ணினேன்.
பதினொன்று.
வெட்டுக்கிளியைக் காணோம்.
சுலைஹாவின் சொல்லில்
அப்படியென்றால்
எங்கோ இருக்கிறது.